கடைசி வரியைப் படிக்காததால் நான் இழந்த 36,000 ரூபாய்

மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன் என்பதால் பெயரைச் சொல்வதற்கில்லை. என் பணி ஆணையில் காலை 10 முதல் இரவு 7 வரை வேலை, நடுவில் ஒரு மணி நேர உணவு இடைவேளை என்று தெளிவாக இருந்தது. ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு மேலாளர் அழைத்து, தீபாவளி வரை மூன்று மாதம் மட்டும் இரவு 9 வரை இருக்கச் சொன்னார். "கூடுதல் நேரத்துக்கான பணம் போனஸோடு வந்துவிடும், தம்பி. நானும் சம்பளக்காரன்தானே, உங்களை ஏமாற்றுவேனா?" என்றவர், 12 மணி நேர வேலைச் சட்டமே வந்துவிட்டது என்றும் சேர்த்துக்கொண்டார். ஆறு ஆண்டுகளாக என்னோடு ஒரே மேசையில் உண்ட மனிதர் என்பதால், அவர் நீட்டிய ஆங்கிலக் கடிதத்தில் நின்றபடியே கையெழுத்திட்டேன். கடையின் கணக்கையெல்லாம் பைசா பிசகாமல் சரிபார்ப்பவன், அந்த ஒரு தாளைப் படிக்கவில்லை.

போனஸ் வந்தது, 36,000 ரூபாய் வரவில்லை. மாதச் சம்பளமான 24,000 ரூபாயை 26 நாளாலும் 8 மணியாலும் வகுத்து, இரட்டிப்பாக்கி, நாளுக்கு 2 மணி வீதம் 78 நாளுக்குப் பெருக்கினால் சரியாக 36,000. கேட்டபோது முதலாளி திருச்செந்தூர் போயிருக்கிறார் என்றார்கள். பிறகு தை பிறக்கட்டும் என்றார்கள். நேற்று அந்தக் கடிதத்தையே எடுத்துக் காட்டினார்கள். கூடுதல் தொகை எதுவும் கோரமாட்டேன் என்று கடைசி வரியில் இருந்தது.

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணிதான் வேலை நேரம். மிகுதி நேரம் சேர்ந்தாலும் வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. அதற்கு இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும். நான் உழைத்ததோ வாரத்துக்கு 60 மணி. மேலாளர் சொன்ன 12 மணி நேர மசோதாவும் கடைகளுக்கானதல்ல, தொழிற்சாலைகளுக்கானது. 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதால் மே நாளன்றே திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்துவிட்டார்.

தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்துக்கு மனு எழுதியிருக்கிறேன். விரிவாக அறிவுரை சொல்லும் மனநிலையில் இல்லை. நேரத்தை மாற்றும் கடிதத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படியுங்கள், நகல் வாங்குங்கள், வாய்ச்சொல்லை எழுத்தில் கேளுங்கள். வந்த நேரத்தையும் போன நேரத்தையும் அன்றாடம் நீங்களே குறித்து வையுங்கள். அந்த 78 நாளும் நான் இரவு 7 மணிக்கே வெளியேறியதாகத்தான் கடையின் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது.