விருச்சிகத்தின் கதைகளைப் பார்க்க ஸ்டெல்லேரியம் போதுமா?

ஸ்டெல்லேரியம் ராசிபலன் சொல்லாது. விருச்சிகக் கதைகள் எந்த வானத்தைப் பார்த்துப் பிறந்தன என்று காட்டும். அந்த வேலைக்கு இலவசக் கருவிகளில் இதைத்தான் முதலில் சொல்வேன். இரவு வானத்தைத் திரையில் காட்டும் இந்தத் திறமூல மென்பொருளை ஃபேபியன் ஷெரோ 2000-இல் தொடங்கினார். கைபேசி வடிவம் வேறு மாதிரி. இங்கே வரும் விசைகள் கணினி வடிவத்துக்கானவை.

முதலில் எஃப்6 அழுத்தி இடத்தைச் சரிபாருங்கள். பாரிஸ் என்று இருந்தால் தேளின் கொடுக்கு நட்சத்திரமான ஷௌலா உச்சத்திலேயே சுமார் 4 பாகைதான் ஏறும். வால் வளைவின் கீழ்ப்பகுதி எழவே எழாது. 'படத்தில் வால் எங்கே?' என்ற குழப்பம் பெரும்பாலும் இதனால்தான். எஃப்3-இல் தேளின் பிரகாசமான நட்சத்திரமான அன்டாரெஸ் பெயரைத் தேடி, சி அழுத்தினால் கோடுகள், வி அழுத்தினால் பெயர்கள், ஆர் அழுத்தினால் தேளின் ஓவியம்.

இதன் உண்மையான பலம் கிரேக்கக் கதையில் தெரிகிறது. வேட்டைக்காரன் ஓரியனைத் தேள் கொட்டிக் கொன்றது. அதனால்தான் தேள் கிழக்கே எழும்போது அவன் மேற்கே மறைகிறான் என்பது கதை. இடத்தை ஏதென்ஸ் என்று மாற்றி, மார்ச் மூன்றாம் வாரத்தின் நள்ளிரவை ஒட்டி நேரத்தை வைத்து, எல் விசையால் காலத்தை வேகப்படுத்துங்கள் (கே பழைய வேகத்துக்குக் கொண்டுவரும்). ஓரியனின் தோளான திருவாதிரை மறைய அரை மணி நேரம்கூட மீதமில்லாத நேரத்தில் அன்டாரெஸ் தலை காட்டும். இதையே பூமத்திய ரேகையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தே வானில் நிற்கும். தெற்கே போகப்போக இன்னும் கூடும். கதை எந்த அட்சரேகைக்காரர்களுடையது என்பது சொல்லாமலே விளங்கிவிடும். எந்தப் புத்தகப் படமும் இதைக் காட்டாது.

எஃப்4 சாளரத்தில் வான மரபை, அதாவது எந்தப் பண்பாட்டின் வான உருவங்கள் தெரிய வேண்டும் என்பதை, மாற்றலாம். பழைய பதிப்புகளில் அந்தத் தாவலின் பெயர் ஸ்டார்லோர், புதியவற்றில் ஸ்கை கல்ச்சர். சீன வானில் தேள் கிடையாது. அதே நட்சத்திரங்கள் நீல டிராகனின் பகுதிகளாக ஃபாங், சின், வெய் என மூன்று மனைகளாக (நம் நட்சத்திரங்கள் போன்ற வானப் பிரிவுகள்) பிரிகின்றன, அன்டாரெஸ் அதன் இதயம். ஹவாய் மரபில் அந்த வளைந்த வால், மௌயி என்ற புராண வீரன் தீவுகளைக் கடலிலிருந்து இழுத்த தூண்டில் முள். எல்லா மரபுக்கும் ஓவியம் இல்லை. ஆர் அழுத்தி எதுவும் வராவிட்டால் கணினியைத் திட்ட வேண்டாம்.

இந்திய வானுக்கு வந்தால் ஜோதிடம் அறிந்தவருக்கு ஒரு இடறல் உண்டு. அனுஷம், கேட்டை, மூலம் மூன்றும் தேளின் உடம்பிலேயே இருக்கும். ஆனால் ஜாதகக் கட்டத்தில் விருச்சிகம் என்பது விசாகம் நான்காம் பாதம், அனுஷம், கேட்டை; மூலம் தனுசுக்குப் போய்விடும். ராசி என்பது 30 பாகைச் சம பங்கு, தேளோ தன் இஷ்டத்துக்கு நீண்டு கிடக்கும் உருவம். பி விசையால் எல்லைக்கோடுகளையும், காற்புள்ளி விசையால் சூரியப் பாதையையும் காட்டச் செய்தால் இன்னொரு வேடிக்கை: வானியலாளர்கள் வகுத்து 1930-இல் வெளியான எல்லைகளின்படி சூரியன் இந்தத் தேள் மண்டலத்தில் தங்குவது நவம்பர் கடைசியில் ஏறக்குறைய ஒரு வாரம் மட்டுமே.

குறை என்றால் கதைப் பகுதிதான். மரபுக்கு மரபு விளக்க உரையின் தரம் மாறுகிறது. சிலவற்றில் நல்ல கட்டுரை, சிலவற்றில் பெயர்ப் பட்டியலோடு சரி. அனுஷத்துக்கு மித்திரன், கேட்டைக்கு இந்திரன், மூலத்துக்கு நிருருதி என்ற அதிதேவதைகளின் கதையை வேறு இடத்தில்தான் படிக்க வேண்டும். புறநானூற்றின் 229-ஆம் பாட்டு அனுஷத்தை 'முடப்பனை' என்று வளைந்த பனையாகப் பார்க்கிறதே, அந்தப் பனையையும் இந்திய வானில் எதிர்பார்க்காதீர்கள்.