பாஸ்டனா, டோக்கியோவா?

அமெரிக்காவில் படிக்கும் ஜப்பானிய மாணவர் வேலை தேட இரண்டு வழிகள். ஒன்று, நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டனில் நடக்கும் வேலைவாய்ப்புச் சந்தையான பாஸ்டன் கேரியர் ஃபோரம். மூன்றே நாள், ஜப்பானியமும் ஆங்கிலமும் தெரிந்தவர்களைத் தேடித்தான் நிறுவனங்கள் வருகின்றன. காலையில் நேர்காணல், இரவு விருந்துக்கு அழைப்பு, மறுநாளே வேலை உறுதி என்பதும் நடக்கும். ஆனால் சும்மா போய் நிற்க முடியாது. விண்ணப்பமும் இணையவழி நேர்காணலும் பல வாரம் முன்பே தொடங்கிவிடும். விமானம், விடுதிச் செலவு வேறு.

இன்னொன்று, ஊர் திரும்பி வழக்கமான ‘ஷூகாட்சு’வில், அதாவது ஜப்பானில் மாணவர்கள் படிக்கும்போதே வேலை தேடும் முறையில், இறங்குவது. நிறுவனங்கள் அதிகம், சரி. மார்ச் 1 முதல் அறிமுகக் கூட்டங்கள், ஜூன் 1 முதல் தேர்வு என்பது அரசு சொல்லும் கணக்கு; பல நிறுவனங்கள் அதற்கு முன்பே ஆளைப் பிடித்துவிடும். மார்ச்சில் இவர்களுக்கு வகுப்பு. மே மாதம் வந்து இறங்கும்போது பல இடங்கள் நிரம்பியிருக்கும். என் ஓட்டு பாஸ்டனுக்கு. சின்ன நிறுவனம்தான் வேண்டும் என்றால் மட்டும் டோக்கியோ.