ஒரே பெரிய நாடகமா, பல குறுநாடகங்களா?

பள்ளி அரங்கின் ஓராண்டுத் திட்டத்தில் முழுநீள நாடகம் ஒன்றை வைத்தால், நடிப்பு ஊறும். இரண்டு மணி நேரம் ஒரே பாத்திரமாக வாழும் மாணவிக்குக் குரலை எங்கே அடக்குவது, மௌனத்தை எவ்வளவு நீட்டுவது என்பதெல்லாம் உடம்பிலேயே படிந்துவிடும். மாதக்கணக்கான ஒத்திகைதான் அதைத் தரும். ஆனால் வசனம் நான்கைந்து பேருக்கே. மற்றவர்கள் ஈட்டி பிடித்து நிற்பார்கள். அது எனக்கு உறுத்துகிறது.

குறுநாடகங்கள் என்றால் கூச்சமுள்ள பிள்ளைக்கும் பத்து வரியாவது கிடைக்கும். மாணவர்களே இயக்கலாம். காட்சி மாற்றம்தான் தலைவலி: இருட்டில், தரையில் ஒட்டிய ஒளிரும் நாடாவைப் பார்த்து நாற்காலியைச் சத்தமின்றி வைக்கப் பழக்க வேண்டும். அதுவும் நாடகக் கல்விதானே!

என் ஓட்டு குறுநாடகங்களுக்கே. முழுநீள நாடகத்தை மூத்த மாணவர்கள் விரும்பிக் கேட்கும் ஆண்டில் வைத்துக்கொள்ளலாம்.