வீட்டு நெட்வொர்க்கில் எச்டிடிபிஎஸ்: சொந்த சிஏவா, சொந்த டொமைனா?

ரௌட்டர் பக்கத்தை எப்போதாவது கேபிள் போட்டுத் திறப்பவருக்கு வெறும் எச்டிடிபி போதும். ஆனால் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் வால்ட்வார்டன் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் ஓடினால் அது நடக்காது. எச்டிடிபிஎஸ் இல்லாமல் அதன் வெப் பக்கத்தில் உள்ளே நுழையவே முடியாது. தனக்குத்தானே கையொப்பமிட்டுக்கொள்ளும் செல்ஃப் சைன்டு சான்றிதழை விட்டுவிடுங்கள். சிவப்பு எச்சரிக்கையைக் கண்டதும் தாண்டிப் போகும் பழக்கத்தை அது வீட்டில் எல்லோருக்கும் ஏற்படுத்திவிடும்.

மிஞ்சுவது இரண்டு வழி: சான்றிதழ் வழங்கும் அமைப்பான சிஏவை நாமே உருவாக்குவது, அல்லது டொமைன் வாங்கி லெட்ஸ் என்கிரிப்ட் என்ற பொது சிஏவிடம் சான்றிதழ் பெறுவது.

எம்கேசெர்ட் என்ற கருவியை வைத்துச் சொந்த சிஏ உருவாக்க இரண்டு கட்டளை போதும், செலவில்லை, இன்டர்நெட்டும் வேண்டாம். லேப்டாப்பில் சிக்கலே வராது. போனில்தான் தொல்லை. ஐபோனில் ரூட்டை, அதாவது சிஏவின் மூலச் சான்றிதழை, புரொஃபைலாக நிறுவியபின் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போய், கடைசியில் உள்ள சர்டிஃபிகேட் டிரஸ்ட் செட்டிங்ஸில் அந்த ரூட்டை ஆன் செய்ய வேண்டும். பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவியில் 3650 நாளுக்குப் போட்ட சர்வர் சான்றிதழை ஆப்பிள் ஏற்காது. உச்சவரம்பு 825 நாள். ஆண்ட்ராய்டு 7 முதல், நாம் சேர்த்த சிஏவை ஆப்கள் இயல்பாக நம்புவதில்லை. குரோமில் திறக்கும் முகவரி ஆப்பில் திறக்காததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ரூட்டின் பிரைவேட் கீ, அதாவது சான்றிதழ்களில் கையொப்பமிடும் ரகசியச் சாவி, வெளியே போனால், எந்தத் தளத்தின் பெயரிலும் உங்கள் போன்களை ஏமாற்றலாம். அதை சர்வரில் வைக்காதீர்கள்.

டொமைன் வாங்கினால் ஆண்டுக் கட்டணம் உண்டு. ஆனால் விருந்தாளியின் போனில்கூட எதையும் நிறுவாமல் பூட்டுக்குறி வரும். டொமைன் உங்களுடையதுதானா என்று சரிபார்க்கும் டிஎன்எஸ்-01 முறையில் லெட்ஸ் என்கிரிப்ட் பார்ப்பது டிஎன்எஸ்ஸில் உள்ள ஒரு டிஎக்ஸ்டி (உரை) பதிவை மட்டுமே. போர்ட் 80 திறக்க வேண்டாம், பல வீடுகள் ஒரே பொது ஐபியைப் பகிரும் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருந்தாலும் கிடைக்கும். அந்தப் பதிவைத் தானாக எழுதப் பயன்படும் ஏபிஐ டோக்கனுக்கு அந்த ஒரு டொமைனை மாற்றும் உரிமை மட்டும் கொடுங்கள்.

பெயரை சர்வரின் வீட்டு முகவரிக்கு, உதாரணமாக 192.168.1.10க்கு, காட்டியும் திறக்கவில்லையா? ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற மென்பொருள் ஓடும் ரௌட்டர்கள், வெளி டிஎன்எஸ் தரும் உள்முகவரியை வெளித்தளம் வீட்டுக் கருவிகளை அணுக முயலும் ரீபைண்டிங் தாக்குதல் என்று தள்ளிவிடும். பெயரை ரௌட்டரின் டிஎன்எஸ்ஸிலேயே எழுதிவிட்டால் நெட் போனாலும் வேலை செய்யும். சான்றிதழில் உள்ள பெயர்கள் பொதுப் பதிவேட்டில் ஏறுவதால் துணைப்பெயர்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றாகப் பொருந்தும் வைல்ட்கார்டாக வாங்குவதே நல்லது. 90 நாள் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்பட்டாலும், வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யாவிட்டால் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். புதுப்பித்ததும் ரீலோட் ஆகும்படி கட்டளை சேருங்கள்.

இரண்டு லேப்டாப் மட்டும் என்றால் எம்கேசெர்ட். போன்கள் இருந்தால் தயங்காமல் டொமைன். முதல் முயற்சிகளை லெட்ஸ் என்கிரிப்டின் சோதனைக்கான ஸ்டேஜிங் சர்வரில் செய்யுங்கள். ஒரே பெயர்த்தொகுப்புக்கு 7 நாளில் 5 சான்றிதழ்தான் கிடைக்கும்.