பதுங்கித் தாக்குதல்: மூன்று விதிகளில் எதை ஏற்பது?

மட்டக்களப்பு வாவியின் கண்டல் மரங்களுக்குள் தோணியை மறைத்துக்கொண்டு கொள்ளைக்காரருக்காகக் காத்திருக்கும் காட்சிகளை எங்கள் கல்லடிக் குழு மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை எறிந்து ஆடும் கதை விளையாட்டுகளில் விரும்பி ஆடுவதால், பதுங்கித் தாக்கும் விதி எங்களுக்குச் சிறிய விடயமன்று.

இவ்வகை விளையாட்டான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதியில், பதுங்கியவர் மறைவுத் திறனுக்காக எறியும் பகடை எதிராளியின் நிலையான கவனிப்பு எண்ணுடன் ஒப்பிடப்படுகிறது. ஆபத்து எதையும் கவனிக்காதவர் தம் முதல் முறையில் (தமக்கு ஆட வரும் வாய்ப்பில்) நகரவோ செயற்படவோ முடியாது. திட்டமிட்டவருக்கு முழுப் பலன் கிடைப்பது இதன் சிறப்பு. ஆனால் அதே பொறியில் வீரர்களே சிக்கினால், ஆறு பேர் அமர்ந்த மேசையில் ஒருவர் தம் முறையை இழந்து நெடுநேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க நேர்கிறது. இதை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

2024 விதி அந்த முறையைப் பறிப்பதில்லை. யார் முந்துவது என்பதைத் தீர்மானிக்கும் இனிஷியேட்டிவ் எறிதலில், எதிர்பாராமல் தாக்கப்பட்டவர் இரு பகடைகளை எறிந்து குறைந்ததை எடுக்கவேண்டும், அவ்வளவே. பகடையில் விழுவதோடு இருவரும் கூட்டிக்கொள்ளும் திறன் எண் சமமானால் அவரே முந்திவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 31 சதவீதம் என்பதால், பதுங்கியதன் பயனே போய்விட்டது என்று பலர் குறைகூறுகின்றனர். எனினும், முறைப்படி ஒளிந்திருப்பவர் தம் இரு பகடைகளில் கூடியதை எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், அது ஏறத்தாழ 15 சதவீதமாகக் குறைகிறது. குறைகூறுவோர் இதைக் கவனிப்பதில்லை.

மிஞ்சும் சிக்கல் வேறு: முந்திக்கொண்ட கொள்ளைத் தலைவனுக்கு அப்போது என்ன தெரியும்? 2019இல் வெளிவந்த, இதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பே இதற்குத் தெளிவாக விடை தருகிறது. அங்கே ஒளிந்து செல்பவர் மறைவுத் திறனையே இனிஷியேட்டிவாக எறிகிறார். அதே எண் எதிரியின் கவனிப்பு இலக்கோடும் (அவர் கண்ணில் படாமலிருக்க எட்டவேண்டிய எண்ணோடும்) ஒப்பிடப்படுகிறது. ஒளிந்திருக்கும் வில்லாளியின் எறிதல் 19, தலைவனின் கவனிப்பு இலக்கு 17, தலைவனின் இனிஷியேட்டிவ் 23 எனக் கொள்வோம். அவன் முதலில் இயங்குவான். கேடயத்தை உயர்த்தலாம், சுற்றிலும் தேடலாம், ஆனால் எறிதல் இலக்கைத் தாண்டியதால் வில்லாளி இருக்கும் இடம் அவனுக்குத் தெரியாது. தேடியும் காணாவிட்டால், அம்பு வரும்போது அவனுடைய ஆர்மர் கிளாஸ் (அவனைத் தாக்க எட்டவேண்டிய எண்) 2 குறைந்தே இருக்கும்.

யாருடைய முறையும் பறிபோகாமல் பதுங்கலுக்கும் மதிப்பளிப்பதால் எங்கள் மேசைக்கு இதையே பரிந்துரைப்பேன். ஆனால் யார் யாரைக் கண்டார் என்று ஆட்டத்தை நடத்துபவர் தனித்தனியே குறித்துவைக்க வேண்டியிருப்பதால், புதியவர்கள் மிகுந்த குழுவுக்கு 2024 விதியே எளிது.