மூன்று தையலும் ஒரு ஓடிபியும்

உள்ளங்கைக் காயம் ஆறிவிட்டது. வயிற்றெரிச்சல்தான் இன்னும் ஆறவில்லை.

ஐந்து வருடம் கழித்து செகந்திராபாத் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தேன். விமானம், பெட்டி, வங்கி வேலை எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அதை விடுங்கள். வந்த நான்காம் நாள் பேகம் பஜாரில் இரும்புத் தோசைக்கல் வாங்கப் பெரியப்பாவோடு கிளம்பினேன். ஆட்டோ வேண்டாம், அந்தக் காலம் மாதிரி பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று அடம்பிடித்து அஃப்சல்கஞ்சில் இறங்கினேன். கடை வாசலில் சாய்த்து வைத்திருந்த தகரம் ஒன்று உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. துப்பட்டாவைச் சுற்றினால் அதுவும் நனைந்தது.

"வா, பக்கத்துலதான் உஸ்மானியா கவர்மெண்ட் ஆஸ்பத்திரி" என்றார் பெரியப்பா. எனக்கு உள்ளுக்குள் உதறல். டொராண்டோவில் போன குளிர்காலம் பூசணிக்காய் நறுக்கும்போது கட்டைவிரலை வெட்டிக்கொண்டு, எமர்ஜென்சியில் ஆறரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவள் நான். டாக்டர் வருவதற்குள் ரத்தம் தானாகவே நின்றுவிட்டது. அங்கேயே அப்படி என்றால் இங்கே இருட்டிவிடும் என்றுதான் நினைத்தேன்.

சீட்டு எழுதுகிறவர் பெயர், வயது, ஊர் மூன்றையும் கேட்டார். ஊர் என்றதும் நான் விழித்தேன். "லாலாகுடா" என்றார் பெரியப்பா, முப்பத்தைந்து வருடம் அந்த ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த தோரணையில். அவ்வளவுதான். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண், பாதி தெலுங்கும் பாதி ஹைதராபாத் உருதுவுமாகப் பேசிக்கொண்டே மரத்துப்போக ஊசி போட்டாள். என்ன வாங்க வந்தேன் என்று கேட்டாள். "தோசைக்கல்லா? ராணிகஞ்சிலேயே கிடைக்குமே, இதுக்கா இவ்ளோ தூரம்?" என்று அவள் சிரித்து முடிப்பதற்குள் மூன்று தையல் விழுந்திருந்தது. டிடி ஊசியும் சேர்த்து மொத்தம் நாற்பது நிமிடம். பர்ஸைத் திறந்தபோது அவள் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாள். பத்து நாள் கழித்து வீட்டுப் பக்கத்திலேயே தையலைப் பிரித்துக்கொள்ளச் சொன்னாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வெளியே வந்ததும் பெரியப்பா நேரே ஆஸ்பத்திரி வளாகத்துப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போனார். சின்ன வயதில் ஆயிரம் தடவை கேட்ட கதைதான். ஆனால் கையில் கட்டோடு கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. 1908 செப்டம்பர் 28. மூசி நதி பொங்கியதில் ஊரில் செத்தவர்கள் 15,000 பேர் வரை இருக்கும் என்பார்கள். ஐந்தாம் நிஜாம் காலத்தில், 1866-ல் வந்த அஃப்சல்கஞ்ச் ஆஸ்பத்திரியையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இந்த மரத்தில் ஏறிக்கொண்ட 150 பேர் பிழைத்தார்கள். இன்றைக்கும் அந்தத் தேதியில் ஆட்கள் இங்கே வந்து கூடுகிறார்கள்.

அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. குளோரோஃபாம் கொடுத்தால் இதயம் நிற்குமா, மூச்சு நிற்குமா என்று உலகமே சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அங்கிருந்த எட்வர்ட் லாரி என்ற டாக்டர் 1888-லும் 1889-லும் இந்த ஊரில் ஆராய்ச்சிக் குழு கூட்டினார். இரண்டாவது தடவை ஆறாம் நிஜாமின் அரசு ஆயிரம் பவுண்டு கொடுத்து லண்டன் லான்செட் மருத்துவப் பத்திரிகை மூலம் ஆளையே வரவழைத்தது. மூச்சைக் கவனித்தால் போதும், இதயத்துக்குப் பயமில்லை என்று முடிவு சொன்னார்கள். அது தப்பு என்று பின்னால் தெரிந்தது. இருந்தாலும், ஒரு சமஸ்தானம் மருந்து ஆராய்ச்சிக்கு லண்டனுக்கே பணம் அனுப்பியிருக்கிறதே!

வெள்ளத்துக்குப் பிறகு ஏழாம் நிஜாம் உஸ்மான் அலி கான் கட்டியதுதான் இப்போது நாம் பார்க்கும் குவிமாடக் கட்டடம். வரைந்தவர் வின்சென்ட் எஷ். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஹைகோர்ட்டும் அவர் கைவேலைதான். உஸ்மானியா பிஸ்கட்டே இந்த நோயாளிகளுக்காகச் செய்ததுதான் என்று ஒரு கதை உண்டு. நிஜமோ பொய்யோ, இரானி டீயில் நனைத்துத் தின்னும்போது நம்பத் தோன்றும். 2020 ஜூலை மழையில் வார்டுக்குள் தண்ணீர் வந்ததிலிருந்து பழைய கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. 2025 ஜனவரியில் கோஷாமஹாலில் புது ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் போட்டுவிட்டார்கள். பெரியப்பா குவிமாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளைய அடிச்சுப் போட்டா இன்னும் நூறு வருஷம் நிக்கும்" என்றார். எனக்கென்னவோ அது வெள்ளையடித்துத் தீருகிற காரியமாகத் தெரியவில்லை.

சரி, பத்தாம் நாள். வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரி. தையல் பிரிக்க வேண்டும் என்றேன். "மொபைல் நம்பர் மேடம்?" கனடா நம்பரைச் சொன்னேன். கம்ப்யூட்டர் பத்து இலக்கத்துக்கு மேல் வாங்காதாம். முன்னால் இருக்கும் ஒன்றை விட்டுவிட்டால் பத்துதானே என்று அதையே அடித்தாள். ஓடிபி எந்த ஊருக்குப் போனதோ, எனக்கு வரவில்லை. ஓடிபி இல்லாமல் ஃபைல் திறக்காது, ஃபைல் இல்லாமல் டாக்டர் பார்க்க மாட்டார். "நூலை மட்டும் வெட்டினால் போதும்மா, டாக்டர் எதுக்கு?" என்றேன். "ப்ரொசீஜர் மேடம்."

கடைசியில் பெரியப்பா நம்பரைக் கொடுத்தேன். அவருடைய போனோ வீட்டில் சார்ஜில் கிடந்தது. பெரியம்மாவுக்கு லேண்ட்லைனில் போன் போட்டு, கண்ணாடியைத் தேடச் சொல்லி, அவர் ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். நான்காவது எண் மூன்றா எட்டா என்று முடிவாவதற்குள் நேரம் கடந்துவிட்டது. மறுபடி அனுப்பினார்கள், மறுபடி வாசித்தார். ஃபைல், பிளாஸ்டிக் அட்டை, பிபி, எடை, உயரம். தையல் பிரிக்க என் உயரம் எதற்கு? இரண்டேகால் மணி நேரம், 1,450 ரூபாய். கத்தரி வேலை செய்தது ஒரு நிமிடம்.

டொராண்டோ திரும்பி ஒரு மாதமாகிறது. நேற்று நடுராத்திரியில் பெரியப்பா போன். பதறி எடுத்தால், "உன் பேருக்கு மெசேஜ் வந்திருக்கும்மா. முழு உடம்பு பரிசோதனைக்கு முப்பது சதவீதம் தள்ளுபடியாம். நாளையோட முடியுதாம், என்ன பதில் போட?"