உப்பு ஏறிய மறுநாள்: தண்ணீரா, வியர்வையா, மாத்திரையா, சும்மா இருப்பதா?

ராத்திரி உப்புத் தூக்கலாக ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் எடை மெஷினில் ஏறினால் ஒன்றரைக் கிலோ கூடக் காட்டுகிறது. மோதிரம் சோப்பு போட்டால்தான் கழல்கிறது, சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றிக் கயிறு கட்டிய மாதிரி ஒரு தடம். உடனே பட்டினி கிடக்கத் தோன்றும். வேண்டாம், அது கொழுப்பே இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போக வேண்டும், ஒரே ராத்திரியில் அப்படிச் சாப்பிட நம்மால் ஆகாது.

ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் 0.9% என்று போட்டிருக்கும். லிட்டருக்கு 9 கிராம் உப்பு, கிட்டத்தட்ட நம் ரத்தத்தின் அளவுக்கு ஒத்துவருகிற கலவை அது. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: கூடுதலாக 9 கிராம் உப்பு உடம்பில் தங்கினால், அதே கலவையில் வைத்துக்கொள்ள உடம்பு சுமார் ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைக்கும், அதாவது ஒரு கிலோ. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்பு போதும் என்கிறது, கடையில் வாங்கிய சாப்பாடு இரண்டு வேளை என்றால் அதைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை.

அதனால் ஒவ்வொரு வைத்தியத்தையும் நான் ஒரே கேள்வியில்தான் எடைபோடுகிறேன். உப்பை வெளியே தள்ளுகிறதா, இல்லை தண்ணீரை மட்டும் பிழிகிறதா?

வியர்க்க வியர்க்க ஓடுவதும் நீராவிக் குளியலும் இந்தக் கேள்வியில் தோற்றுப்போகின்றன. இறங்கியதும் மெஷின் ஒரு கிலோ குறைத்துக் காட்டும், சந்தோஷமாக இருக்கும். ஆனால் வியர்வையில் இருக்கும் உப்பு ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு, ஆகவே போனதில் பெரும்பங்கு தண்ணீர்தான், உள்ளே மிச்சமிருப்பது இன்னும் உப்பாகிறது, தாகம் எடுக்கிறது, குடிக்கிறோம், எடை பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. தண்ணீரே குடிக்காமல் காய்வது இதைவிட மோசம், சிறுநீரகம் உப்பைக் கழுவித் தள்ளுவதற்கே தண்ணீர் வேண்டும்.

சரி, அப்படியானால் குடம் குடமாகக் குடிக்கலாமா? அதுவும் பாதிதான் உண்மை. தேவைக்கு மேல் குடித்த வெறும் தண்ணீர் பெரும்பாலும் வெறும் தண்ணீராகவே வெளியேறும், கூடவே உப்பை அள்ளிக்கொண்டு போகும் என்பதெல்லாம் மிகை. தாகத்துக்குக் குடித்தால் போதும். வம்படியாக லிட்டர் லிட்டராக ஏற்றினால் ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பில் இருக்கும் தாது, ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும், அது வேறு தலைவலி.

சிறுநீர் பிரிக்கும் மாத்திரை மட்டும் உண்மையிலேயே உப்பைத் தள்ளும், அதை மறுக்க முடியாது. ஆனால் பல வகை மாத்திரைகளில் கூடவே பொட்டாசியமும் போகும். அது அளவுக்கு மீறி இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். போதாததற்கு, தொடர்ந்து போட்டுவிட்டு நிறுத்தினால் உடம்பு பயந்துபோய் முன்னைவிட அதிகமாக உப்பைப் பிடித்து வைக்கும். மருத்துவர் எழுதித் தந்தவருக்கு அது மருந்து, மோதிரம் இறுக்குகிறது என்பதற்காக அடுத்தவர் டப்பாவிலிருந்து எடுத்துப் போடுவது பைத்தியக்காரத்தனம். காபியும் அந்த ஜாதிதான் என்பார்கள், தினமும் குடிக்கிறவருக்கு அந்த வேகம் பெரும்பாலும் பழகிப்போயிருக்கும்.

என் ஓட்டு பொட்டாசியத்துக்கு. பொட்டாசியம் உள்ளே போனால் சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடத் தொடங்குகிறது, உப்பே போகிறது என்பதால் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 400 மில்லிகிராம் இருக்கும், உருளைக்கிழங்கு, கீரை, பருப்பு எல்லாவற்றிலும் உண்டு. அதற்காக ஒரு பழம் தின்றதும் வீக்கம் வடிந்துவிடாது, ஒரு நாள் முழுக்க உப்பு குறைந்த சாப்பாட்டோடு சேரும்போதுதான் பலன் தெரியும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில ரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களும் மட்டும் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம், உப்புக்குப் பதிலாக விற்கும் ‘லோ சோடியம்’ உப்பிலும் பெரும்பாலும் பொட்டாசியம் கலந்திருக்கும்.

அப்புறம், எதுவும் செய்யாமல் இருப்பது. சோம்பேறி வைத்தியம் என்று சிரிக்கலாம், ஆனால் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினாலே ஆரோக்கியமான சிறுநீரகம் இரண்டு மூன்று நாளில் கணக்கை நேர் செய்துவிடும். பொட்டாசியம் இதைக் கொஞ்சம் சீக்கிரமாக்கலாம், அவ்வளவுதான். நடுவில் மெல்ல நடப்பதும், மாலையில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுப்பதும் கணுக்காலில் தேங்கியதை ரத்த ஓட்டத்துக்குத் திருப்பிவிடும், ராத்திரி இரண்டு தடவை எழ வேண்டிவரலாம். அந்த நாட்களில் மெஷினில் ஏறாமல் இருப்பது நல்லது, நான் ஏறாமல் இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

கணுக்காலுக்கு மேல் எலும்பை ஒட்டிக் கட்டைவிரலால் சில நொடி அழுத்தி எடுத்தால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கிறதா, சில நாள் கழித்தும் வடியவில்லையா, ஒரு கால் மட்டும் வீங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா, கர்ப்ப காலத்தில் முகமும் கையும் திடீரென்று உப்புகிறதா? அப்போது வாழைப்பழத்தைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். இதய நோயாளிக்கு ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால், முந்தின நாள் என்ன சாப்பிட்டார் என்று யோசித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே போக வேண்டும்.